மூன்று நிற ஜெக்கட்டும் ஒரு புள்ளக்காம்பராவும்

நுவரெலியா
9 மார்ச் 2026

அன்புள்ள தம்பி லோரன்ஸ்,

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று சிரிக்காதே. நீ என் போனை எடுப்பதில்லை. வட்ஸ்அப் குழுவில் எழுதலாம் என்றால் அதிலிருந்தும் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டாய். சும்மாவும் போகவில்லை. "உங்க மஞ்ச ஜெக்கட்ட நீங்களே போட்டு போட்டோ புடிச்சிக்குங்க" என்று மாவட்டத்தில் இருக்கிற எல்லா நிறுவனங்களும் பார்க்கும்படி எழுதிவிட்டுப் போனாய். என் மேலதிகாரி ஜெயகாந்தன் அதை எனக்கே வாசித்துக் காட்டி, "இவர் உங்க தம்பியாமே?" என்று கேட்டார். கூடப் பிறந்தவன்தான் என்றேன். வேறென்ன சொல்ல?

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊசிக்கல் மேல்லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், நவம்பர் புயலில் மலை விட்ட வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது. வேறிடத்தில் வீடு கட்டக் காணி தருகிறோம் என்றவர்கள் இன்னும் தருகிறோம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மே மாத மழைக்குள் அது நடக்காது. அதுவரைக்கும் சனங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, மண் அசைந்தால் உடனே ஓடுவது.

ஓடுவதற்கும் நாம் மூன்று வழி வைத்திருக்கிறோம். உன் பங்குக் கோயில் குழுவுக்கு நீல ஜெக்கட். மணி அடித்தால் மாதா கோயிலுக்கு ஓட வேண்டும். எங்கள் நிறுவனத்தின் குழுவுக்கு மஞ்சள். சைரன் சுற்றினால் பள்ளிக்கூடத்துக்கு. கொழும்பு நிறுவனம் கந்தப்பன் தலைமையில் வைத்த குழுவுக்குச் சிவப்பு. விசில் ஊதினால் மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு. ஒரே வீட்டில் மாமியார் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமும் ஓடுவதுதான் மிச்சம்.

மூன்றையும் ஒன்றாக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இருபதாம் திகதி ஹட்டனில் கூட்டம். கந்தப்பன் வருவதாகச் சொல்லிவிட்டான். நீயும் வா. வந்து என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, நேரில் திட்டு.

பூரணியையும் குட்டி யூஜியையும் கேட்டதாகச் சொல்.

ஐவி அக்கா

*

ஊசிக்கல் தோட்டம், மஸ்கெலியா
15 மார்ச்

அக்காவுக்கு,

நான் வரமாட்டேன். காரணம் கேட்பாய், அதனால் எழுதுகிறேன்.

நவம்பரில் பாலம் உடைந்து பாதை அறுந்து கிடந்தபோது இங்கே எந்த நிறத்து ஜெக்கட்டும் இல்லை. மாதா கோயிலில் அடுப்பு மூட்டி இரண்டு லயத்துச் சனத்துக்கும் கஞ்சி ஊற்றியது நாங்கள். மாரியம்மன் கோயில் அரிசியும் அந்தப் பானைக்குள்தான் போனது. கந்தப்பனும் நானும் ஒரே சாக்கைத் தலைமாறித் தலைமாறிச் சுமந்தோம். பாதை திறந்ததும் வந்தீர்கள். வந்து எங்களுக்குக் "கூட்டாக வேலை செய்வது எப்படி" என்று பயிற்சி தந்தீர்கள்! அவன் உடம்பில் சிவப்பை மாட்டினீர்கள், என் உடம்பில் நீலத்தை மாட்டினீர்கள். அதிலிருந்துதான் அவனும் நானும் எதிரும் புதிருமாக நிற்கிறோம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

முதலுதவிப் பயிற்சி ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக நடத்திவிட்டது. ஒவ்வொரு தடவையும் கால் முறிந்தவனாக அதே சின்னராசாதான் படுக்கிறான். "சார், இனிமே மெய்யா முறிஞ்சாத்தான் படுப்பேன்" என்று சொல்லிவிட்டான். ஒத்திகைக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து நீங்கள் பூரித்துப் போகிறீர்கள். அது சைரனுக்கு வருகிற கூட்டம் இல்லை, முடிவில் கொடுக்கிற சோற்றுப் பார்சலுக்கு வருவது. சோறு மணக்க ஆரம்பித்தால் சைரன் சுற்றாமலே வரும்.

எங்களுக்கு மணி போதும். உனக்கு உத்தியோகம், எனக்கு இது வீடு. மழை பெய்தால் நீ குளிருக்குக் கம்பளி தேடுவாய். நான் பின்சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பூரணி சுகம். அவள் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் நேரம் யூஜி புள்ளக்காம்பராவில் மற்றக் குழந்தைகளோடு இருக்கப் பழகிவிட்டாள். ஆயா அம்மாக்கண்ணுவைத்தான் அம்மா என்கிறாள், பூரணிக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

லோரன்ஸ்

*

நுவரெலியா
18 மார்ச்

லோரன்ஸ்,

அந்தப் பின்சுவரில் காதை வைத்து வளர்ந்தவள்தான் நானும். உத்தியோகம் கிடைத்ததும் காது செவிடாகிவிடவில்லை. இங்கே மழை பிடித்தால் போதும், எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். அறை எனக்குப் போதவில்லை.

நீ எழுதியதில் பாதி உண்மை. உண்மை என்பதால்தான் வலிக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் அதற்குப் பணம் கொடுத்தவர்களுக்குப் படம் காட்ட வேண்டும். படத்தில் தன் நிறம் தெரிய வேண்டும். ஜெயகாந்தனிடம் "மூன்று பேரும் ஒரே குழுவாக இருந்தால் என்ன?" என்று கேட்டதற்கு, "அப்ப யாருடைய லோகோ மேலே வரும்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார்.

அதற்காக நீ விலகி நின்றால் மலை உன்னைப் பார்த்து மரியாதையாக விலகிப் போகுமா? கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று பேசிக்கொண்டிருக்கலாம், இரண்டுபட்டுக் கிடப்பது நம் ஊர்தானே. ஒரு சைரன், ஒரு இடம், இன்ன வேலை இன்னாருக்கு. இதைத்தான் கேட்கிறேன்.

எனக்காக வராதே. பூரணிக்காகவும் யூஜிக்காகவும் வா.

அக்கா

*

ஊசிக்கல்
27 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

ஹட்டன் கூட்டத்துக்கு வந்தும் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். கந்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அந்த எரிச்சல். ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒத்திகை வைப்போம் என்று அங்கே சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. வேலை நாளில் வைக்கத் தோட்டத்தை நடத்துகிற துரை சம்மதிக்கவில்லை. "கொழுந்து முத்திப்போகும்" என்கிறார்.

ஒரே சைரன், ஒரே இடம், பள்ளிக்கூடம். நீலமும் மஞ்சளும் சிவப்பும் கலந்து நின்றதைப் பார்க்கக் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. கந்தப்பன் மட்டும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. ஊதினானா என்றால் இல்லை, ஆனால் கழற்றவும் மாட்டான். மேல்லயம் முழுக்கக் காலியாகிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பூரணி எல்லாருக்கும் முதல் வந்து சேர்ந்து, "பார்சலு எங்க?" என்று கேட்டாள். பார்சல் கிடையாது என்றதும் ஒரே சிரிப்பு. இருந்தும் ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை. எனக்கு மனசு நிறைந்தது என்று சொன்னால் நீ நம்ப வேண்டும்.

திட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் செய்து பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை புள்ளக்காம்பரா பூட்டித்தானே கிடக்கும். சைரன் கேட்டதும் ஆயாவும் நானும் கந்தப்பனும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவது என்பதை வாயால் விளங்கப்படுத்தினோம். அது பெரிய காரியமில்லை.

மழை தொடங்கிவிட்டது. பின்சுவரில் ஈரம் கண்டிருக்கிறது. தூக்கம் வருவதில்லை, ஆனால் முன்னைப்போல் பயமில்லை.

லோரன்ஸ்

*

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து
21 மே

அக்கா,

பூரணி உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை வாசித்துக்கொள். யூஜிக்கு ஒன்றுமில்லை.

நேற்றுக் காலை, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம், மேல்லயத்துக்குப் பின்னால் மண் உறுமியது. சைரன் சுற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் வகுப்பை விட்டு ஓடினேன். கந்தப்பனும் வந்தான். ஆயாவோடு சேர்ந்து புள்ளக்காம்பராவிலிருந்த பிள்ளைகள் எல்லாரையும் தூக்கிக்கொண்டு கீழ்ப்பாதையால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. திட்டத்தில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தோம்.

தாய்மாரைக் காணவில்லை.

அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, அக்கா. மலையில் சைரன் கேட்டதும் கூடைகளைப் போட்டுவிட்டு மேல்பாதையால் நேராகப் புள்ளக்காம்பராவுக்கு ஓடியிருக்கிறார்கள். வெடிப்புக்கு நேர் கீழே இருக்கிற புள்ளக்காம்பராவுக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் தொட்டில்கள் வெறுமனே கிடக்கின்றன. புள்ளைகள் எங்கே போனார்களோ என்று கட்டிலுக்கு அடியிலும் குசினியிலும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பின்சுவர் உள்ளே விழுந்தது. மற்றவர்கள் வாசல் வழியாகத் தப்பிவிட்டார்கள். பூரணி மூலையில் நின்றவள். முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. நாங்கள் போய்த் தோண்டியெடுக்கும்போதும் "புள்ளய மொதல்ல தூக்குங்க, புள்ள உள்ள இருக்கு" என்றே கத்தினாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு வந்தவன் நான். சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை இடுப்பில் இருந்தது, அதனால் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வேலை நாளில் பிள்ளை எங்கேயோ அங்கேதான் கால் போகும். இது நமக்குத் தெரியாதா? உங்கள் பெரிய படிப்புக்குத் தெரியாதா? இதற்குத்தானா கூட்டம், இதற்குத்தானா ஹட்டனில் பிளேன்டீயும் ரோல்ஸும்?

இங்கே வராதே. உன்னைப் பார்த்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

லோ.

*

நுவரெலியா
25 மே

தம்பி,

வராதே என்றாய். வந்தேன். நீ யூஜியைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, திருடி மாதிரி ஆஸ்பத்திரி வாட்டுக்குள் நுழைந்தேன். பூரணி சொல்லியிருக்கமாட்டாள், சொல்லவேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிந்ததும், "இனி எல்லாத் தாய்மாருக்கும் தெளிவாச் சொல்லிருவோம், புள்ளைங்க பள்ளிக்கூடத்துலதான் இருக்கும்னு" என்றேன். அவள் கோபப்படவில்லை. "சொல்லுங்க அண்ணி. கேட்டுக்குவோம். சைரன் அடிச்சா மறுபடி அங்கதான் ஓடுவோம். புள்ளய கண்ணால காங்காம கால் வேற பக்கம் திரும்புமா?" என்றாள்.

அன்றிலிருந்து இதே நினைப்பு. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தாய்மாரின் காலை நம்மால் திருப்ப முடியாது, லோரன்ஸ். அப்படியென்றால் புள்ளக்காம்பராவை அல்லவா திருப்ப வேண்டும்? தினமும் பிள்ளைகள் இருக்கிற இடமே பாதுகாப்பான இடமாக இருந்துவிட்டால், சைரன் கேட்டு அவர்கள் ஓடுகிற ஓட்டமே சரியான ஓட்டமாகிவிடும். யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பள்ளிக்கூடத்தில் இடமில்லை. அதற்குப் பக்கத்தில் உங்கள் மாதா கோயில் மண்டபம் இருக்கிறது. கல் கட்டடம், மேட்டு நிலம், மலையிலிருந்து நேர்ப்பாதை. அதைத்தான் உன் குழு சாமான் அறையாகப் பூட்டி வைத்திருக்கிறது. அதை விட்டுத் தருவாயா? கூரையை நாங்கள் திருத்துகிறோம். தொட்டிலும் குசினியும் கந்தப்பனின் நிறுவனம் பொறுப்பேற்கும். அவனோடு பேசிவிட்டேன். துரையிடம் நானே போகிறேன்.

உன் கோபம் அப்படியே இருக்கட்டும். மண்டபத்தை மட்டும் தா.

ஐவி

*

ஊசிக்கல்
17 ஜூன்

அக்கா,

தந்துவிட்டேன். பங்குச் சபையில் இரண்டு பேர் முறுக்கினார்கள். "நம்ம சாமான எங்க வைக்கிறது?" என்றார்கள். என் வீட்டில் வையுங்கள், மண் வந்தால் அதுவும் போகட்டும் என்றேன். மறுவாரமே புள்ளக்காம்பரா மண்டபத்துக்கு வந்துவிட்டது.

துரையை எப்படி மடக்கினாய்? வேலை நாளில் ஒத்திகைக்கே சம்மதித்துவிட்டாரே. திங்கட்கிழமை நடந்தது. சைரன் கேட்டதும் மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்தார்கள், நேராக மண்டபத்துக்கு. ஒருத்தருக்கும் வழி காட்டவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன்.

உங்கள் லொறியில் சிமெந்து மூட்டைக்கு மேலே பெயர்ப்பலகை ஒன்று வந்தது. மறுநாள் கொழும்பிலிருந்து இன்னொன்று. விடுவார்களா, எங்கள் பங்குச் சபையும் ஒன்று எழுதிவிட்டது. எதை எங்கே மாட்டுவது என்று சண்டை தொடங்குவதற்குள் அம்மாக்கண்ணு ஆயா எல்லாவற்றையும் குப்புறப் போட்டு வாசல் சேற்றுக்கு நடைபாதை ஆக்கிவிட்டார். ஜெயகாந்தன் படம் எடுக்க வருவதென்றால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரச் சொல்.

இன்னும் கரைச்சல் இருக்கிறது. மலையிலிருந்து மண்டபம் தூரம், பால் கொடுக்க வந்து போகும் தாய்மாருக்கு நேரம் காணவில்லை, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஏசுகிறார். அதையும் ஒரு வழி பண்ண வேண்டும். வேலை பிரித்தாயிற்று: பிள்ளைகளும் வாசல் கணக்கும் என் பொறுப்பு, நான் வாசலை விட்டு நகரக்கூடாது. லயத்தில் படுத்திருக்கிற நோயாளிகளையும் முதியவர்களையும் கொண்டுவருவது கந்தப்பனின் ஆட்கள். கந்தப்பன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பூரணியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டேன், வேறு போக்கிடம் ஏது, அதே மேல்லயம்தான். காலையில் நான் கைத்தாங்கலாக மண்டபத்துக்குக் கொண்டுவந்து விடுகிறேன், யூஜியோடு இருக்கிறாள்.

ஆக, லயத்தில் இருக்கிற நேரம் சைரன் கேட்டால் என் பெண்சாதியும் கந்தப்பன் பொறுப்பில் வருகிறாள். 

லோரன்ஸ்

*

நுவரெலியா
1 ஜூலை

லோரன்ஸ்,

டவர் விழுந்துவிட்டது போலிருக்கிறது, மேல்பக்கம் யாருக்கும் போன் போகவில்லை. மஸ்கெலியாப் பக்கம் சிவப்பு எச்சரிக்கை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். ஹட்டன் பாதையில் மரம் விழுந்து பஸ் இல்லை. இதை யாரிடம் கொடுத்தனுப்புவேன் என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாவிட்டால் நடக்கிறேன், நடந்தால் கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார்.

பூரணியை மேல்லயத்தில் விடாதே. மழை நிற்கும்வரை மண்டபத்திலேயே படுக்கட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெயகாந்தனும் இன்று முகம் வெளுத்துப்போய்த்தான் இருந்தார். "ஊசிக்கல்லில இருந்து தகவல் ஏதும் வந்திச்சா?" என்று கேட்டபடியே இருந்தார். லோகோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வரி எழுதி அனுப்படா.

அக்கா

*

மாதா கோயில் மண்டபம், ஊசிக்கல்
3 ஜூலை

என் அக்காவுக்கு,

உன் கடிதம் மின்சார சபை லொறியில் இன்றுதான் வந்தது. அதே லொறி திரும்பப் போகிறது, சாரதி காத்து நிற்கிறார்.

எல்லாரும் இருக்கிறோம். மேல்லயம் இல்லை.

நேற்றுக் காலை கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குச் சற்று முன் சைரன் கேட்டது. அன்றைக்குப் பார்த்துப் பூரணிக்குக் கால் வீங்கி, "இன்னைக்கி ஒரு நாள் வீட்டுலயே கெடக்குறேன்" என்றாள். நானும் விட்டுவிட்டு வந்தேன். நீ எழுதிய கெஞ்சல் அப்போது என் கைக்கு வந்திருக்கவில்லை.

நான் மண்டப வாசலுக்கு ஓடி வந்தேன். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே. தாய்மார் வரத் தொடங்கினார்கள், முதுகில் கொழுந்துக் கூடையோடு, மூச்சிரைக்க. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் தூக்கி முகத்தைப் பார்த்த பிறகுதான் கூடையை இறக்கினாள். நான் பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சரி பார்க்கிறேன், என் கண் மட்டும் மேல்பாதையில் இருக்கிறது. மேலே மண் உறுமுகிற சத்தம் காலுக்கடியில் கேட்டது.

அக்கா, நான் ஓடியிருக்க வேண்டும். ஓட வேண்டும் என்றுதான் உடம்பு முழுக்கத் துடித்தது. நான் ஓடினால் வாசலில் யார் நிற்பது? வாசலில் ஆளில்லை என்றால் இந்தத் தாய்மாரில் யாராவது தன் ஆளைத் தேடி மறுபடி மேலே போய்விடுவார்கள். என் ஒரு கால் வாசல் பலகையிலும் மறு கால் சேற்றிலும் நின்றது. என்னோடு முகம் கொடுத்துப் பேசாத ஒருவனை நம்பி நின்றேன். "எறங்கி வாடா கந்தப்பா" என்று வாய்விட்டே கத்தினேன்.

மலை இறங்கியது. புகை மாதிரி மண். பழைய புள்ளக்காம்பரா இருந்த இடம், லயத்தின் பாதி, நம் வீட்டுப் பின்சுவர், எல்லாம் போனது.  நான் பெயர்களை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

பிறகு விசில் சத்தம் கேட்டது. வளைவில் கந்தப்பன் வந்தான், பூரணியை முதுகில் சுமந்துகொண்டு, விசிலைப் பல்லில் கடித்தபடி. சின்னராசாவும் மற்றவர்களும் பின்னால் கிழவர்களைச் சுமந்து வந்தார்கள். பூரணி வழி முழுக்க அவனை ஏசிக்கொண்டே வந்திருக்கிறாள், "என்னைய விட்டுட்டு மத்தவங்களப் பாரு" என்று. அவன் பல்லிலிருந்து விசிலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "இந்தா, ஒம் பொண்டாட்டி. வாய் மட்டும் முறியல" என்றான். ஜெக்கட் மாட்டிய பிறகு எனக்கென்று அவன் பேசிய முதல் பேச்சு. அவனைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

பூரணி யூஜியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இன்னும் இறக்கவில்லை.

இப்போது எல்லாரும் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறோம். மழை விடவில்லை. வீடில்லாத சனங்களுக்கு இனிமேல் காணி தந்தே ஆக வேண்டும், அதற்கு எல்லாரும் சேர்ந்து கத்த வேண்டும். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டவர் சரியானதும் கூப்பிடு, எடுக்கிறேன்.

அதற்கு முன் ஒரு ஜெக்கட் அனுப்பு. கந்தப்பனுடையது பூரணி பிடித்த பிடியில் முதுகோடு கிழிந்துவிட்டது. எந்த நிறமென்றாலும் போட்டுக்கொள்கிறானாம்.

உன் தம்பி
லோரன்ஸ்